குப்பி என்று ஒரு சொல்

அம்ருதவல்லியம்மா கல்லூரியில் எடுத்த பாடம் இங்கிலீஷ். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு அது முதல் வருஷம் மட்டும்தான் உண்டு. அந்த ஒரு வருஷத்தில் இங்கிலீஷை விட்டுவிட்டு வேறு எதையோ நடத்துகிறார் என்று பிரின்சிபாலிடம் புகார் போனது. புகார் சரிதான். அந்தக் கல்லூரி பஸ்ஸை ஒன்பது வருஷம் ஓட்டியவன் நான். எட்டாவதோடு நின்றவன். அவர் என்ன நடத்தினார் என்று அந்தப் பிரின்சிபாலைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயிலை ஒட்டிய தெருவில் அவர் வீடு. அப்பா பாஷ்யம் ஐயங்கார் கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். அம்ருதவல்லியம்மாவுக்கு அப்போது வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதுமில்லை. காலை ஏழேகாலுக்குத் தெருமுனையில் நிற்பார். நான் இரண்டு நிமிஷம் பிந்திவிட்டால் வாட்சைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பேச்சே வாங்கியிருக்கலாம்.

வகுப்பில் ஒரு வெள்ளைத்தாளை மூன்றாக மடிக்கச் சொல்வார். முதல் மடிப்பில் பார்த்தது. இரண்டாவதில் கேட்டது. மூன்றாவதில் நினைத்தது. யார் என்ன சொன்னாலும், "இதை எந்த மடிப்புல எழுதுவே?" என்று கேட்பார். பிள்ளைகளுக்கு எரிச்சல்.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு மேடம்?"

"பரீட்சை மூணு மணி நேரத்துல முடிஞ்சுடும்டா."

ஒருநாள் அவர் பஸ்ஸிலேயே குடையை விட்டுவிட்டார். வகுப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசைமேல் வைத்தேன், "இந்தாங்கம்மா" என்றேன், வந்துவிட்டேன். நான் வெளியே வந்ததும் அறுபது பிள்ளைகளையும், இப்போது நடந்ததை எழுதுங்கள் என்றிருக்கிறார். சாயங்காலம் பஸ்ஸில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு சிரித்தார். டிரைவர் கோபமாக வந்தார் என்று நாற்பது பேர். சம்பளப் பிரச்சினை என்று ஏழெட்டுப் பேர். குடித்திருந்தார் என்று ஐந்து பேர். மேடமே சொல்லிவைத்து வரவழைத்தார், இது ஒரு நாடகம் என்று எழுதியவன் சிவசங்கர். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன், பக்கத்து கிராமத்துப் பையன். வாயைத் திறந்தால் எதிராளி உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

"என் மூஞ்சே அப்டிதாம்மா கீது. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றேன். அன்றைக்கு நான் குடிக்கவில்லை. மற்ற நாள் கதை வேறு.

ஒரே ஒரு பையன் மட்டும், காக்கிச் சட்டை போட்டவர் வந்தார், குடையை வைத்தார், 'இந்தாங்கம்மா' என்று சொன்னார், போனார் என்று எழுதியிருந்தான். அவன் பெயர் யாக்கோபு. கன்னியாகுமரிப் பக்கம் கருங்கல் ஊர். சுங்குவார்சத்திரத்தில் பலராமனுடைய ஆறு ரூம் லாட்ஜில் தங்கிப் படித்தான். அவன் பேசினால் பாதி எங்களுக்குப் புரியாது. அவனும் அதிகம் பேச மாட்டான்.

இதெல்லாம் தொண்ணூறாம் வருஷம். தொண்ணூற்றொன்று மே மாதம் இருபத்தோராம் தேதி எங்கள் ஊரில் அந்தக் குண்டு வெடித்தது. அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு ஊர் எப்படி மாறிப்போனது என்பது எங்களுக்குத்தான் தெரியும். ரோட்டில் ஜீப்பாக ஓடியது. லாட்ஜ் லாட்ஜாகப் புகுந்து ரிஜிஸ்டரைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரன் டீ குடிக்க நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேப்பரைத் திறந்தால் சயனைடு குப்பி. கழுத்தில் கட்டியிருப்பார்களாம், பிடிபட்டால் கடித்துவிடுவார்களாம். குப்பி என்ற சொல்லை அதற்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இரண்டு மாதமாகக் குழந்தைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தன.

ஜூலையில் கல்லூரி திறந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம், பஸ் திரும்பி வரும்போது யாக்கோபு பக்கத்துப் பையனிடம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். ஆறாவது வரிசை. இன்ஜின் சத்தத்தில் எனக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "எனக்க குப்பி... குப்பி இல்லாம..."

சுங்குவார்சத்திரத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனேன். பலராமன் அங்கே இருந்தான். போலீஸ் இரண்டு தடவை வந்து போனதிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை.

"கன்னியப்பா, உன் பஸ்ல வருதே அந்தத் தெக்கத்திப் பையன், ஆளு எப்டி?" என்று கேட்டான்.

"இன்னிக்கு 'என் குப்பி எங்க'ன்னு கேக்கறான்யா" என்றேன்.

எட்டுப் பேர் என் வாயையே பார்த்தார்கள். ஆயுசில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் கிளாஸை வைத்துவிட்டு இன்னொன்றும் சேர்த்தேன்:

"கழுத்தத் தடவிக்கினே கேட்டான்."

மறுநாள் காலை ஏழரைக்கு பஸ் சுங்குவார்சத்திரத்துக்குள் நுழையும்போதே கூட்டம் தெரிந்தது. லாட்ஜ் வாசலில் ஐம்பது அறுபது பேர். நிறுத்தத்தில் நிற்க வேண்டிய பிள்ளைகளும் அங்கேதான் நின்றார்கள். இரும்பு கேட்டில் யாக்கோபுவைத் துணி காயப்போடும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் போய், கழுத்தில் கறுப்புக் கயிறும் அதில் ஒரு சின்னத் தகரச் சிலுவையும் தெரிந்தன.

"வாய்க்குள்ள வெச்சிகீறான். போலீஸ் வர்றதுக்குள்ள கடிச்சிட்டான்னா நம்ம தலை உருளும். தொறடா வாயை!" என்று பலராமன் கத்தினான். டீக்கடை மாஸ்டர் கையில் நீளக் கரண்டி இருந்தது. அதைப் பல்லுக்கு இடையில் விட்டு நெம்பப் பார்த்தான். பையன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"எறங்காதீங்கம்மா. இது நம்ம வேலை இல்ல" என்றேன்.

அவர் அதற்குள் இறங்கிவிட்டார். நானும் பின்னால் போனேன். கூட்டம் வழிவிட்டது, கோயில் வீட்டுப் பெண் என்று. நேரே போய்க் கரண்டிக்கும் பையனுக்கும் நடுவில் நின்றார்.

"யார் கட்டினது?"

"ஊரு கட்டுச்சி" என்றான் பலராமன்.

"ஊருக்கு எத்தனை கை? யாரோட கை?"

"யம்மா, உன்னிய ஒண்ணும் சொல்ல மாட்டோம். நீ பஸ்ல போய் குந்து. அவன் யாருன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்" என்றார். "ஒரு வருஷம் என் கிளாஸ்ல இருந்தான். அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

இவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்றிருந்தது எனக்கு. நல்ல பையன், எனக்குத் தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் என்ன? கூட்டம் அதையே பிடித்துக்கொண்டது. "பாத்துக்கோ! டீச்சரம்மாவுக்கே தெரியாதாம்!" பின்னாலிருந்து ஒரு கல் வந்து கேட்டில் பட்டு விழுந்தது.

யாக்கோபு வாயைத் திறந்தான். "சார், நான் சொல்லுதேன், எனக்க எண்ணக் குப்பியாக்கும்..."

"கேட்டியா! அவனே சொல்றான் குப்பின்னு!" யாரோ அவன் கன்னத்தில் அறைந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவன் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பான், அந்தச் சொல் வரும், ஒத்துக்கொண்டான் என்று அறை விழும்.

கூட்டத்திலிருந்து சிவசங்கர் முன்னால் வந்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மேடம், நீங்கதான் ஆதாரத்தோட பேசணும்னு சொல்லிக் கொடுத்தீங்க. ஆதாரம் கீது மேடம். ஒண்ணு, பேச்சு நம்ம பேச்சு இல்ல. ரெண்டு, ரூம்ல ரெண்டு மணி வரைக்கும் லைட்டு எரியுது. மூணு, வாரத்துக்கு மூணு லெட்டர் வருது. நாலு, யாரோடயும் சேர மாட்டான். அஞ்சு, குப்பி. ஒவ்வொண்ணா எடுத்தா ஒண்ணுமில்ல. சேத்துப் பாருங்க."

அவன் சொன்ன அடுக்கில் எனக்கே பையன்மேல் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கூட்டம் தலையாட்டியது. அவருடைய நல்ல மாணவன்தான் அவருக்கு எதிரே நின்றான், அவர் கொடுத்த கத்தியோடு.

"உன் ரூம்ல எத்தனை மணி வரைக்கும் லைட் எரியும்?" என்று கேட்டார்.

"பரீட்சைன்னா மூணு வரைக்கும்..."

"லெட்டர் யார் எழுதறான்னு பார்த்தியா?"

"அவங்கம்மா பேரு போட்டுகீது. ஆனா..."

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். "அம்மா லெட்டர் போட்டா குண்டு வெப்பானா? எங்கம்மா லெட்டரே போடல, நான் தப்பிச்சேன்டா சாமி." நாலைந்து பேர் சிரித்தார்கள். கரண்டி கொஞ்சம் தாழ்ந்தது.

பலராமன் விடவில்லை. "சிரிப்பு இன்னா சிரிப்பு? அதெல்லாம் கெடக்கட்டும். குப்பிக்கு இன்னா சொல்ற? கன்னியப்பன் காதால கேட்டுகீறான், கழுத்தத் தடவினத கண்ணால பாத்துகீறான். தோ நிக்கிறான், கேளு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நேற்று எட்டுப் பேர், இன்றைக்கு அறுபது பேர். அம்ருதவல்லியம்மாவும் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இருந்தால் நான் சமாளித்திருப்பேன். இல்லை. தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரியே நின்றார்.

"கன்னியப்பன், கழுத்தைத் தடவினதைப் பார்த்தேளா?"

பஸ் கண்ணாடியில் எனக்கு நாலு வரிசைதான் தெரியும். அவன் ஆறாவது வரிசை. பார்க்கவில்லை என்று சொன்னால் இந்தக் கூட்டம் என்மேல் திரும்பும். நாளைக்கு இதே டீக்கடையில் நான் உட்கார முடியாது. பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது. அவர்கள் பாடு, போலீஸ் பாடு.

"பாக்கல" என்றேன்.

"இன்னா?" என்றான் பலராமன்.

"பாக்கலய்யா. அவன் ஆறாவது சீட்டு. என் கண்ணாடில தெரியாது. சேத்து சொல்லிட்டேன்."

பலராமன் என் சட்டையைப் பிடித்தான். "நாங்க ஒரு உசுர கட்டி வெச்சிகீறோம், நீ சேத்து சொன்னியா? த்தூ!" எச்சில் என் காக்கிச் சட்டையில் விழுந்தது. நான் துடைக்கவில்லை.

"அவரை விடுங்கோ" என்றார் அம்மா. "கேட்டது என்ன, கன்னியப்பன்? அதை மட்டும்."

"குப்பின்னது நெசம். 'எனக்க குப்பி', 'குப்பி இல்லாம'. அம்மாந்தான்."

அப்படியானால் குப்பி நிஜம். கூட்டம் மறுபடியும் இறுகியது. அந்த ஒரு சொல்லின்மேல்தான் பையனுடைய உயிர் நின்றது. அம்மாவுக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது போலிருந்தது. சிவசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், மெதுவாக நிமிர்ந்தான்.

"மேடம், நாங்க யாரும் ஒண்ண கேக்கவே இல்ல" என்றான். "குப்பின்னா அவங்க ஊர்ல இன்னான்னு."

"யார கேப்ப?" என்றான் பலராமன். "அவன கேட்டா அவனுக்குத் தோதா சொல்வான்."

"சரியான பேச்சு" என்றார் அம்மா, பலராமனைப் பார்த்து. "அவன்கிட்ட கேக்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஆள் வேற யாரு இருக்கா இங்கே?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரேஷன் கடைக்குப் பின்னால், இராமச்சந்திரன் அண்ணாச்சியின் மளிகைக் கடை. நாகர்கோவில்காரர். பதினைந்து வருஷமாக இங்கே. அவர் கடை வாசலிலிருந்து லாட்ஜ் தெரியாது.

"நீங்களும் போங்கோ, சிவசங்கரும் போகட்டும்" என்றார் அம்மா பலராமனிடம். "எதுக்குன்னு சொல்லக் கூடாது. இங்கே நடக்கறதைச் சொல்லக் கூடாது. குப்பி இருக்கான்னு மட்டும் கேளுங்கோ. அவர் என்ன சொல்றாரோ அதை அப்படியே வந்து சொல்லுங்கோ."

இருவரும் ரோட்டைத் தாண்டினார்கள். ஐந்து நிமிஷம் ஆனது. கரண்டி வைத்திருந்தவன் அதைக் கை மாற்றிக்கொண்டான். பெங்களூர் போகிற லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மா பையன் பக்கம் திரும்பவில்லை, ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எவனாவது ஒரு மாதிரியாகச் சொல்வான் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர்கள் திரும்பும்போது அண்ணாச்சியும் கூட வந்தார், ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி.

"இன்னா சொன்னாரு?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

"'காலிக் குப்பியா, எண்ணெ ஊத்தின குப்பியா? சின்னதா, பெருசா?'ன்னாரு" என்றான் பலராமன். "பாட்டில எடுத்து முன்னால வெச்சாரு."

அண்ணாச்சி கேட்டில் கட்டியிருந்த பையனை அப்போதுதான் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எந்த ஊரு மக்களே?" என்று மகனைக் கேட்பதுபோல அவனைக் கேட்டார்.

"கருங்கல்" என்றான் யாக்கோபு. "அம்மை குடுத்து விட்ட தேங்காயெண்ணக் குப்பி. ரூம்ல காணல்ல. அத தேடினேன் அண்ணாச்சி. அம்புட்டுதான்."

கூட்டம் பின்னாலிருந்து கலையத் தொடங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டீக்கடை மாஸ்டர் கரண்டியோடு கடைக்குப் போய்விட்டான், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு. சிவசங்கர் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. அண்ணாச்சி கடையிலிருந்து கத்தி கொண்டுவந்து அறுத்தார்கள்.

அப்போது ஜீப் வந்தது. எஸ்.ஐ. விஷயத்தைக் கேட்டார். பையனை ஏறச் சொன்னார். "ஊர்ல விசாரிச்சுட்டு சரின்னா அனுப்பிடுவேன். கேள்வின்னு வந்துட்டா நான் பார்க்காம விட முடியாதும்மா."

"விசாரிங்கோ. விசாரிக்கத்தான் வேணும்" என்று அம்மாவும் ஜீப்பில் ஏறினார். கோயில் தெருப் பெண் போலீஸ் ஜீப்பில் போனால் ஊர் என்ன பேசும் என்று எனக்கே கூசியது. "பஸ்ஸை எடுங்கோ. பிள்ளைகளுக்கு எட்டரைக்குக் கிளாஸ்" என்றார் என்னிடம்.

பிள்ளைகளை விட்டுவிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. என் வாக்குமூலத்தை எழுதினார். வதந்தி கிளப்பினதுக்கு உன்மேலயே கேஸ் போடட்டுமா என்றார். போடுங்க என்றேன். போடவில்லை. கருங்கல்லுக்குப் பேசி, அங்கிருந்து பதில் வருவதற்குச் சாயங்காலம் நாலு மணி ஆனது. அதுவரை அம்மா அந்த பெஞ்சிலேயே இருந்தார், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல். யாக்கோபு வெளியே வந்ததும், "ஊருக்குப் போயிட்டு வா. வந்ததும் ஹாஸ்டல்ல சேர்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் பாடமாகச் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிவசங்கரே போய்க் கேட்டிருக்கிறான், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா மேடம் என்று.

"அவன் அடுத்த பில்டிங்ல உட்கார்ந்து படிச்சிண்டிருக்கான். அவன் உதாரணம் இல்லை" என்றாராம்.

சொல்லவே இல்லை, கடைசி வரைக்கும். பஸ்ஸில் என்னிடமும் அதைப் பற்றி ஒரு பேச்சு எடுத்ததில்லை. என்னை மன்னித்தார் என்றும் சொல்ல மாட்டேன், வெறுத்தார் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு நிமிஷம் பிந்தினால் முகத்தைப் பார்ப்பார், பழையபடி. தொண்ணூற்றேழில் அப்பா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டார். அவருக்கு நடந்த வழியனுப்பு விழாவுக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். புகார் வாங்கிய பிரின்சிபால் வரவில்லை.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போன யாக்கோபு பன்னிரண்டு நாள் கழித்து அவன் அப்பாவோடு திரும்பி வந்தான். நான் ஹாஸ்டல் கேட்டுக்குப் போனேன். அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உதட்டில் தழும்பு கறுத்திருந்தது.

"தம்பி, நான்தான் சொன்னது" என்றேன்.

"தெரியும்."

"தப்புதான். கடைசில உண்மைய சொல்லிட்டேன்ல."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மேடம் கேட்டதுக்கப்புறம் நீங்க வாயத் தொறக்க எம்புட்டு நேரம் எடுத்திய தெரியுமா?" என்றான். "எனக்கு வேற ஒண்ணும் செய்ய முடியல்ல. கை கெட்டிக் கெடந்துது. எண்ணிட்டு நின்னேன். முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன்."

நான் உடனே சொல்லிவிட்டதாகத்தான் அதுவரை எனக்கு நினைப்பு. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.